கேட்டால் சொல்கிறேன்: போர்ச்சுகல் போகிறவர்களுக்கு

ஜூனில் ஆறு நாள் போர்ச்சுகல் பயணம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. லிஸ்பன், சின்ட்ரா எல்லாம் அவரால் முடியுமா?
– வாசகி, திருச்சி

மலைக்கோட்டை ஊர்க்காரருக்கு ஏற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் லிஸ்பனில் இறக்கம்தான் படுத்தும். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல். ஆள் நடந்து நடந்து வழவழப்பாகிவிட்டது, தூறல் போட்டால் வழுக்கும். என் மாமியாருக்கு முதல் நாளே புது ஷூ வாங்க வேண்டியதாயிற்று.

கார்மோ மடத்துக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் நடந்து ஏறாதீர்கள். பாய்ஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தில் கீழ்ப்பக்கம் நுழைந்தால் எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக மேட்டின் மேலே கொண்டுபோய் விடும். அப்புறம் கொஞ்ச தூரம்தான். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். ஜனங்கள் பூசையில் இருந்த காலை நேரத்தில் பூமி குலுங்கியது. பின்னாலேயே கடல் ஏறி வந்தது, தீயும் பிடித்தது. அன்று விழுந்த கூரையை மடத்துத் தேவாலயத்தின் நடு மண்டபத்துக்கு இன்றுவரை போடவில்லை. கல் வளைவுகள் மட்டும் மீன்முள் மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அங்கே உட்கார்ந்த மாமியார் அரை மணி நேரம் எழவில்லை. கால் வலிதான் என்று நினைத்தேன். "மழை வந்தா சாமிக்கு நேரா அபிஷேகம்" என்றார்.

சின்ட்ராவில் பேனா அரண்மனை. மஞ்சளும் சிவப்புமாக, மலை உச்சியில் யாரோ கேக் வைத்த மாதிரி இருக்கும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் அரண்மனை வாசலுக்கு, கீழே பூங்கா கேட்டுக்கு அல்ல. இது தெரியாமல் கேட்டில் சாவகாசமாக நின்று நான் என் முறையைக் கோட்டை விட்டேன். கேட்டிலிருந்து மேலே செங்குத்தான வழி. அம்மாவை அங்கே ஓடும் சிறு பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.

ஒரு நாளை எவோராவுக்கு ஒதுக்குங்கள். லிஸ்பனிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள் ஏற்றமும் குறைவு. ரோமானியர் கோயில் தூண்களைப் பார்த்துவிட்டு எலும்பு மண்டபத்துக்குப் போங்கள். சுவரெல்லாம் மண்டை ஓடு. வாசலில் எழுதியிருப்பது: "இங்கிருக்கும் எலும்புகள் நாங்கள், உங்களுடையவற்றுக்குக் காத்திருக்கிறோம்." இதெல்லாம் வேண்டாம் என்றால் அம்மா வெளியே காபி குடிக்கட்டும். அந்தப் பக்கம் கார்க் மரங்களைக் கவனியுங்கள். ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டையை உரித்து, உரித்த வருடத்தின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளையாக எழுதி வைக்கிறார்கள். 4 என்றிருந்தால் 2024. அடுத்த உரிப்பு 2033.

நசரேயில் பத்து மாடி உயர அலை வருமாமே, ஜூலையில் பார்க்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ஜூலையில் அங்கே குளிக்கலாம், அவ்வளவுதான். பெரிய அலை அக்டோபர் முதல் மார்ச் வரை. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று முடிகிறது. அட்லாண்டிக் புயல்கள் கிளப்பும் அலை அதன் வழியே வேகம் குறையாமல் வந்து, பக்கத்தில் ஆழம் குறைந்த கடலடி மேட்டின் மேல் வரும் அலையோடு சேர்ந்து எழும்பும். 2020 அக்டோபரில் ஜெர்மன் அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் இங்கே சறுக்கிய அலை 26.21 மீட்டர். பத்து மாடி என்பது மிகையில்லை, ஒன்றிரண்டு கூடக் குறைய.

ஜூலையில் தெற்கே அல்கார்வே கடற்கரைப் பக்கம் போங்கள். அங்குள்ள பெனாஜில் கடற்குகையின் உள்மணலில் இறங்க இப்போது தடை. நீந்திப் போகவும் கூடாது. படகிலிருந்து பார்க்கலாம். எனக்கென்னவோ லாகோஸ் பக்கம் போண்டா த பியேடாட் பாறைகள்தான் பிடித்தவை. மேலே நின்றே பார்த்துவிடலாம்.

வாஸ்கோட காமா சமாதியைக் கொச்சியில் பார்த்தேன். லிஸ்பனிலும் இருக்கிறதாமே?
– வாசகர், கோவை

நீங்கள் பார்த்தது காலியான குழி. 1524இல் கொச்சியில் இறந்தார். 1539இல் உடலை எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது பெலெம் பகுதியின் ஜெரோனிமோஸ் மடத்துத் தேவாலயத்தில், நுழைந்ததுமே கல் பெட்டியில் படுத்திருக்கிறார். எதிரில் கவிஞர் கமோயிஷ். தமிழின் முதல் அச்சுப் புத்தகமும் 1554இல் லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில் அச்சானது. சரி, திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள். மடம் பூட்டியிருக்கும்.