எம்சிபி சர்வர் சில நேரம் மட்டும் 404 தருவது ஏன்?

லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய எம்சிபி சர்வர் (ஏஐ செயலிகளுக்கு வெளித் தரவையும் கருவிகளையும் இணைத்துத் தரும் புரோகிராம்), நெட்வொர்க்கில் போட்டதும் ஒரு அழைப்புக்குப் பதில் தருகிறது, அடுத்ததற்கு 404, அதாவது ‘கேட்டது இங்கே இல்லை’ என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே 4 ஒர்க்கர் (ஒரே சர்வரின் தனித்தனிப் பிரதிகள்) ஓடுகிறது என்றும். கோளாறு பெரும்பாலும் அந்த நான்கில்தான், உங்கள் கோடில் இல்லை.

கிளையன்ட் (சர்வரை அழைக்கும் செயலி) முதலில் இணையும்போது, அந்தத் தொடர்பை அடையாளம் காண சர்வர் ஒரு செஷன் ஐடி கொடுக்கிறது. அடுத்தடுத்த அழைப்புகளில் அது ஹெட்டரில் திரும்பி வரும். ஆனால் அந்த செஷன், அதைத் தொடங்கிய ஒர்க்கரின் மெமரியில் மட்டுமே இருக்கிறது. அடுத்த அழைப்பு வேறு ஒர்க்கரிடம் போனால் அதற்கு உங்களை யாரென்றே தெரியாது, 404 சொல்லிவிடும்.

ஒர்க்கரை ஒன்றாகக் குறைத்துப் பாருங்கள். பிழை நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை. அப்புறம், உங்கள் டூல் (சர்வர் வழங்கும் கருவி) தரவுத்தளத்தில் தேடி விடை தருவது மட்டும்தானே? அதற்குச் செஷனே தேவையில்லை. எம்சிபி சர்வர் எழுத உதவும் பைதான் எஸ்டிகேயின் ஃபாஸ்ட்எம்சிபியில், செஷனை நினைவில் வைக்காமல் ஒவ்வொரு அழைப்பையும் தனியாகக் கையாளும் ஸ்டேட்லெஸ் எச்டிடிபி என்ற அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவிட்டு மறுபடி 4 ஒர்க்கர் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒர்க்கரும் தனி போர்ட்டில் ஓடினால், அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரில் ஸ்டிக்கி செஷனும் (ஒரு கிளையன்ட்டை எப்போதும் ஒரே ஒர்க்கரிடம் அனுப்புவது) ஒரு வழிதான், ஆனால் ஒர்க்கர் ரீஸ்டார்ட் ஆனால் திரும்ப இதே கதை.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சர்வரின் முகவரியை 127.0.0.1 (உங்கள் கணினிக்குள் மட்டும்) என்பதிலிருந்து 0.0.0.0 (வெளியிலிருந்தும் அணுகலாம்) ஆக்கியிருக்கிறீர்கள், அழைப்பவர் யாரென்று பார்க்கும் டோக்கன் சரிபார்ப்பு எதுவும் இல்லை. அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் உங்கள் தரவுத்தளத்தைத் தொடலாம். 404-ஐ விட இதுதான் எனக்குக் கவலை. டோக்கனும், அழைப்பு எந்த வலைத்தளத்திலிருந்து வருகிறது என்று பார்க்கும் ஆரிஜின் ஹெட்டர் சோதனையும் சேர்க்கும்வரை பழைய முகவரிக்கே மாற்றிவிடுங்கள். டூலுக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தரவுத்தளக் கணக்கைக் கொடுங்கள்.