அரக்கும் பச்சையும் ஒரே சாம்பல்

வணக்கம் ஐயா,

ஆந்திராவிலுள்ள நகரியில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் போடுகிறோம். எல்லோரும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள். தறிக்கூடத்துக்கு மேல்மாடி, வாடகை ப்ரொஜெக்டர், வெள்ளைச் சுவர். அடுத்த மாதம் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பைப் போடலாம் என்று பேச்சு. கையில் இருப்பது வண்ண டிஸ்க்தான். அதைப் போட்டு, ப்ரொஜெக்டரில் கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்த்தோம். சாம்பல் அப்பிய மாதிரி இருந்தது. மணல் எது, வானம் எது, ஆள் எது என்று சட்டென்று பிரிக்க முடியவில்லை. இவ்வளவுதானா அந்தப் பதிப்பு? கூட இருந்த பெரியவர் ஒருவர், “மாயாபஜாருக்கு மெனக்கெட்டுக் கலர் பூசினார்கள். நீங்கள் இருக்கிற கலரை எடுக்கிறீர்களே” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

எம்., நகரி

*

அன்புள்ள எம்.,

நீங்கள் பார்த்தது அந்தப் பதிப்பு இல்லை. வண்ணத்தை மூடினால் என்ன மிஞ்சுமோ அதைப் பார்த்திருக்கிறீர்கள்.

தறிக்கூடத்தின் மேலேயே இருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். அரக்குக் கரை போட்ட பாட்டில் பச்சைச் சேலை ஒன்றை, ஜரிகை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, போனிலேயே அதன் கலரை முழுக்க இறக்குங்கள். கரை எங்கே முடிந்தது, உடல் எங்கே தொடங்கியது என்று விரலால் தடவித் தேட வேண்டியிருக்கும். கண்ணுக்கு அத்தனை எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடும்.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. எச்டி வீடியோவில் கலரைப் பூஜ்யமாக்கினால், சிவப்பில் 21.26 சதவீதம், பச்சையில் 71.52 சதவீதம், நீலத்தில் 7.22 சதவீதம் எடுத்துக் கூட்டிய தொகைதான் திரையில் நிற்கும். மனிதக் கண்ணுக்குப் பச்சை அதிகப் பிரகாசமாகவும் நீலம் மங்கலாகவும் படுவதால் வைத்த விகிதம் இது. அரக்கை சிவப்பு 150, பச்சை 20, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பச்சையை 10, 65, 40 என்று வையுங்கள். கூட்டினால் முதலாவது 49, இரண்டாவது 51.5. 255 படிகள் உள்ள ஏணியில் இந்த இரண்டரைப் படி வித்தியாசம் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

இப்போது படத்துக்கு வாருங்கள். ஃப்யூரி ரோடின் வண்ணப் பதிப்பு முழுக்க ஆரஞ்சு மணலும் நீலப்பச்சை வானமுமாக எதிரெதிரே நிறுத்தப்பட்டது. வெயில் பட்ட முகம் 220, 150, 110 என்றும், பின்னால் வானம் 90, 180, 185 என்றும் இருந்தால் அதே கணக்கில் முகம் 162, வானம் 161. வண்ணத்தில் முகம் வானத்திலிருந்து துள்ளி வெளியே நிற்கும். கலரை எடுத்ததும் வானத்துக்குள் கரைந்துபோகும். அதோடு, இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 2,700 ஷாட்டுகள். ஒரு ஷாட்டுக்கு மூன்று வினாடிகூட இல்லை. முகம் எங்கே என்று கண் தேடி முடிப்பதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். உங்களுக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போனது இதனால்தான். உங்கள் கண்ணின் மேலோ படத்தின் மேலோ குறை இல்லை.

2016-இல் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் வெளியிட்ட ‘பிளாக் அண்ட் குரோம்’ பதிப்பில், எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்பதைத் தனியாகத் தீர்மானித்து கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலை) மேஜையில் மறுபடி உழைத்தார்கள். வானத்தை இருட்டி, முகத்தைத் தூக்கி, உலோகத்தில் பளபளப்பை மீட்டு எடுத்தார்கள். சாகப்போகிறவர்கள் வாயில் வெள்ளிப் பெயின்ட் அடித்துக்கொள்ளும் காட்சி வண்ணப் பதிப்பில் ஒரு விசித்திரச் சடங்கு. கறுப்பு வெள்ளையில் அந்த வெள்ளி, திரையிலேயே மிகப் பிரகாசமான பொருளாகி அவர்களுடைய மதமாகவே தெரிகிறது. இழப்பும் உண்டு. மலைக்கோட்டை உச்சியில் இருக்கும் செடிகொடிகளின் பச்சை, அத்தனை பேரும் தேடிப்போகும் பச்சை நிலம் என்ற பேச்சு, இரண்டுமே நிறத்தை நம்பி நிற்பவை. அங்கே கறுப்பு வெள்ளை ஊமையாகிவிடுகிறது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு வண்ணப் பதிப்பையே போடுங்கள் என்பது என் கட்சி. ஏற்கெனவே பார்த்தவர்கள் கூடும் அரங்கு என்றால் பிளாக் அண்ட் குரோம் டிஸ்கையே வரவழையுங்கள். திரையிடும் உரிமையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, உங்கள் குழுவே போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றில் கை வைத்துப் பாருங்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கலர் பக்கத்தில் ஆர்ஜிபி மிக்ஸரைத் திறந்து மோனோகுரோம் என்பதை டிக் செய்யுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் அளவு வைக்கலாம். மூன்றின் கூட்டுத்தொகையும் 1-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் வெளிச்சமான இடமெல்லாம் வெந்து வெளுத்துவிடும். சிவப்பு 0.6, பச்சை 0.3, நீலம் 0.1 என்று வைத்தால் மேலே சொன்ன முகம் 188-க்கு ஏறும், வானம் 126-க்கு இறங்கும். அரக்குக் கரை 100, பச்சை உடல் 30. அந்தக் காலத்து கேமராமேன்கள் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டரைச் செருகி வானத்தைக் கறுக்க வைத்ததும் இதே வேலைதான். அவர்கள் படம் பிடிக்கும்போதே செய்துவிட்டார்கள், நாம் பிறகு செய்கிறோம்.

சிவப்பை ஏற்றுவதில் ஒரு கெடுதல் இருக்கிறது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தோலில் சிவப்பு அதிகம் என்பதால் முகம் பீங்கான் மாதிரி வழவழவென்று ஆகும். உதடு கன்னத்தோடு கலந்து காணாமல் போகும். நம் பக்கத்து மாநிற, கறுத்த முகங்களை இந்தக் கலவை வெளுப்பாக்கிக் காட்டும். அது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். முகம் பிரதானமான ஷாட்டில் பச்சையை 0.5-க்குக் கீழே இறக்காதீர்கள். வானத்தைக் கறுக்க வைத்தே தீர வேண்டும் என்றால் வானத்தை மட்டும் குவாலிஃபையரால் (ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் கருவி) தனியாகப் பிடித்து இறக்குங்கள். குவாலிஃபையர் மிக்ஸருக்கு முந்தைய நோடில், அதாவது முந்தைய படியில், இருக்க வேண்டும். மிக்ஸரைத் தாண்டிய பிறகு பிடிப்பதற்கு நிறமே இருக்காது.

டிஸ்கிலிருந்தோ போனிலிருந்தோ வரும் வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் வெளிச்சத் தகவல் முழு அளவில் இருக்கும். நிறத் தகவலோ நீளத்திலும் அகலத்திலும் பாதி, அதாவது மொத்தத்தில் கால் பங்குதான். கலரைப் பூஜ்யமாக்கினால் முழு அளவுள்ள வெளிச்சம் மட்டும் வருவதால் படம் கூர்மையாக இருக்கும். மிக்ஸரில் சிவப்பையோ நீலத்தையோ தூக்கியதும் அந்தக் கால் பங்கு தகவலின் முனைகள் வெளியே தெரியும். சிவப்புத் துணியின் விளிம்பு படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு நிற்கும். நீலத்தில்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலும் கட்டம் கட்டமான கசடும் அதிகம், அதனால் நீலத்தை 0.2-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள். கான்ட்ராஸ்டை ரொம்ப இழுத்தால் 8 பிட் வீடியோவில் வானம் வளையல் வளையலாகப் பிரியும். படநிறுவனம் இந்தத் தொல்லை இல்லாத மாஸ்டரில் வேலை செய்கிறது. வீட்டில் செய்தது அதற்கு ஈடாகாது. அப்படி ஒன்றைச் செய்து நண்பர்களுக்குக் காட்டினால் “இது நாங்கள் செய்தது, இயக்குநர் பதிப்பு இல்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அசல் டிஸ்க் கிடைத்தாலும் உங்கள் மாடியில் சாம்பல் பூத்துத்தான் தெரியும், அறையைச் சரிசெய்யாவிட்டால். ப்ரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. விளக்கணைத்த சுவர் எவ்வளவு கறுப்போ அவ்வளவுதான் படத்தின் கறுப்பு. திரையின் வெளிச்சம் பக்கத்து வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரைக்கே வந்து அந்தக் கறுப்பை வெளுக்கும். வண்ணப் படத்தில் நிறம் இதை மறைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் மறைக்க எதுவும் இல்லை. திரையை ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு மீட்டர் தூரத்துக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், முடிந்தால் மேலேயும். பளபளப்பில்லாத பருத்தித் துணியாக இருக்கட்டும். துணிக்கு உங்களுக்குப் பஞ்சமில்லை.

பிறகு ப்ரொஜெக்டரில் டைனமிக், விவிட் போன்றவற்றை விட்டு சினிமா மோடுக்கு வாருங்கள். டைனமிக் மோடில் பெரும்பாலும் வெள்ளை பச்சையாகச் சாயும். கலரை இறக்கினாலும் அந்தச் சாயல் போகாது, ஏனென்றால் அது விளக்கின் சாயல். கலர் டெம்பரேச்சர் 6500, அறை நல்ல இருட்டு என்றால் காமா (நடுச் சாயல்களின் வெளிச்ச அளவு) 2.4, கொஞ்சம் வெளிச்சம் கசிந்தால் 2.2. அசைவை வழுக்க வைக்கும் வசதி, இரைச்சல் நீக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். இரண்டாவது, பழைய படங்களின் ஃபிலிம் மணியை (கிரெய்ன்) தின்றுவிடும். எச்டிஎம்ஐ கேபிள் வழியே போகும் வெளிச்ச அளவின் ரேஞ்சையும் பாருங்கள். பிளேயர் 16 முதல் 235 வரை அனுப்ப, ப்ரொஜெக்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகத்தான் வரும். இது தலைகீழாக மாறிப்போனால் நிழலெல்லாம் தார் ஊற்றியது போல ஆகும். உங்கள் சாம்பலில் பாதி இங்கிருந்து வந்திருக்கலாம்.

கறுப்பு வெள்ளைப் பதிப்புகள் எல்லாம் ஒரே காரணத்துக்காக வருவதில்லை. 2007-இல் வந்த ‘தி மிஸ்ட்’ படத்தின் கறுப்பு வெள்ளைப் பதிப்பைத்தான் அதன் இயக்குநர் ஃப்ராங்க் டாரபாண்ட் விரும்பினார். அதில் கம்ப்யூட்டரில் செய்த ஜந்துக்கள் பனிமூட்டத்தோடு ஒட்டிப்போகின்றன. வண்ணப் பதிப்பில் ஒட்டாமல் தனியாகத் தெரிந்தவை அவை. 2017-இல் வந்த ‘லோகன் நோயர்’ பதிப்பில் ரத்தம் கறுப்பாவதால் வன்முறையின் உறைப்பு குறைகிறது, முகச் சுருக்கங்களின் பாரம் கூடுகிறது. கில் பில் முதல் பாகத்தின் பெரிய வாள் சண்டையில் ஒரு பகுதியை மற்ற நாடுகளில் கறுப்பு வெள்ளையாகவும் ஜப்பானியப் பதிப்பில் வண்ணத்திலும் விட்டார்கள். இதற்கு நேர் எதிர்த்திசையில் ‘நெப்ராஸ்கா’ (2013). கறுப்பு வெள்ளைக்காகவே யோசித்து எடுத்தும், ஒப்பந்தத்துக்காக ஒரு வண்ணப் பதிப்பும் செய்ய வேண்டியிருந்தது.

பாங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ கறுப்பு வெள்ளைப் பதிப்பு 2020 ஜனவரியில் ரோட்டர்டாம் விழாவில் வந்தது. அதில் கவனித்துப் பார்க்க ஒரு டிஷ்யூ பேப்பர் இருக்கிறது. பணக்கார வீட்டுக்குள் வேலைக்குப் புகுந்த ஏழைக் குடும்பத்தினர், அங்கிருக்கும் வேலைக்காரப் பெண்மணிக்குக் காசநோய் என்று எஜமானியை நம்பவைக்க, குப்பைக்கூடையிலிருந்த டிஷ்யூவில் ஹாட் சாஸைப் பிதுக்கி ரத்தமாகக் காட்டுகிறார்கள். கதையே அந்தச் சிவப்பில் தொங்குகிறது. கறுப்பு வெள்ளையில் அது வெறும் கருங்கறை. சாஸ் என்பதும் தெரியாது, ரத்தம் என்பதும் தெரியாது. எஜமானியின் முகம் மாறுவதை வைத்துத்தான் அந்தக் கறையின் நிறத்தை நாம் படிக்கிறோம். நடிப்பு அந்த இடத்தில் எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பது எனக்கு வண்ணப் பதிப்பில் தெரியவே இல்லை.

பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தச் சேலையிலேயே இருக்கிறது. நிறத்திலிருந்து சாம்பலுக்குப் போகும்போது அரக்கும் தெரியும், பச்சையும் தெரியும். எதை வெளிச்சமாக்குவது என்று நாம் தேர்ந்தெடுக்கிறோம். சாம்பலிலிருந்து நிறத்துக்குத் திரும்பும்போது கையில் இருப்பது 50 என்ற ஒரே எண். அது அரக்காகவும் இருக்கலாம், பச்சையாகவும் இருக்கலாம். ஃபிலிமில் அந்தத் தகவல் பதிவாகவே இல்லை. பூசுகிறவர் ஊகிக்க வேண்டும். 2010-இல் தெலுங்கு மாயாபஜாருக்கு நடந்தது அதுதான். உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வண்ணத்தில் படத்தை முதன்முதலாகப் பார்த்து மயங்கிய பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஆனால் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அந்தப் படத்துக்கு வைத்த ஒளி, சாம்பலின் படிகளை எண்ணி வைத்தது. படகுப் பாட்டின் நிலவொளி வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து சாயல்களால் ஆனது. அதன் மேல் ஒரு நீலத்தைப் போட்டதும் அந்தச் சாயல்களைக் கண் எண்ணுவதை நிறுத்திவிடுகிறது. சினிமாஸ்கோப் அளவுக்கு மாற்றியதில் இன்னொரு இழப்பு. அகலம் 1.37, உயரம் 1 என்று எடுத்த சட்டத்தை 2.35-க்கு 1 ஆக வெட்டினால் உயரத்தில் 58 சதவீதம்தான் மிஞ்சும். கிரீடமோ பாதமோ ஏதாவது ஒன்று போயே தீரும்.

மாயாபஜாரே இரட்டைப் பதிப்புப் படம்தான் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1957-இல் கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்தே எடுத்தார். தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். ரங்கா ராவ் இரண்டிலும் அதே கடோத்கஜன். ஃப்யூரி ரோடுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, ‘கல்யாண சமையல் சாதம்’ காட்சியைத் தமிழ்க் கறுப்பு வெள்ளைப் பிரதியிலும், அதே விருந்தைத் தெலுங்கு வண்ணப் பதிப்பிலும் அடுத்தடுத்துப் போடுங்கள். தட்டுகளின் பளபளப்பு எதில் கூர்மையாக இருக்கிறது, ரங்கா ராவின் கண் எதில் முதலில் நம்மைப் பிடிக்கிறது என்று பெரியவரையே பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையைப் போடும்போது சுவரை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.