மக்கள் பங்கேற்பு என்று ஊர்க்கூட்டம் போடுகிறார்கள். முடிவெல்லாம் கட்சிக்காரர் கையில் இருக்கும்போது அதனால் என்ன பயன்?

கூட்டத்தால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்காக, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

சில ஊர்க்கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தீர்மான நோட்டில் எல்லாம் முன்பே எழுதியிருக்கும், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் பேனாவை வாங்கிக்கொண்டு, "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "எப்பவும் போலத்தான் தாத்தா, போடுங்க" என்றான் நோட்டை நீட்டிய பையன். போட்டுவிட்டார். வெளியே வந்ததும் பேச்சுக் கொடுத்தேன். மனுஷன் ஏமாளி இல்லை. வீடு கட்டும் திட்டப் பட்டியலில் அவர் மகன் பெயர் இருக்கிறது. அதை மேலே அனுப்புவதும் அடித்துவிடுவதும் கூட்டத்தை நடத்திய அதே ஆளின் கையில். "ரோட்டுக்காகப் பேசப்போயி வீட்ட விடச் சொல்றீங்களா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

முடிச்சு அங்கேதான் விழுகிறது. பட்டியல் எவர் கையிலோ அவர் முன்னால் வாய் திறக்காது.

மெக்சிகோவில் 1988 கடைசியில் அதிபர் சலினாஸின் அரசு ப்ரோனசோல் என்ற வறுமை ஒழிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊருக்கு ஊர் மக்கள் குழு, அந்தக் குழு மூலமாகத்தான் வேலை. காகிதத்தில் பார்த்தால் பிரமாதமான பங்கேற்பு. ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு பணம் என்பது மேலே முடிவானது. அதில் ஆளுங்கட்சியின் தேர்தல் கணக்கு கலந்திருந்ததைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 1997இல் ப்ரோக்ரெசா என்ற வேறொரு திட்டம் வந்தது. கணக்கெடுப்பை வைத்து ஏழைக் குடும்பங்களைப் பொது அளவுகோல்படி தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் தாயின் கையில் நேராகப் பணம். குழு, கூட்டம் என்ற ஆரவாரம் குறைவு. யாரிடமும் போய்க் கும்பிடு போட வேண்டிய தேவையும் குறைந்தது. நமக்கு வேண்டியது இதில் எது?

சரி, அப்படியென்றால் கூட்டமே வேண்டாமா? வேண்டும், ஆனால் எதற்கு என்பது முக்கியம். இந்தோனேசியாவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் ரோடு போடும் திட்டத்தில் ஒரு சோதனை செய்தார்கள். போட்ட ரோட்டைத் தோண்டி, உள்ளே உண்மையில் எவ்வளவு கல்லும் மணலும் இருக்கிறது என்று அளந்து, எழுதிய கணக்கோடு ஒப்பிட்டார்கள். தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொன்ன ஊர்களில், காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர் முழுக்க அழைப்புக் கொடுத்துக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்த ஊர்களில் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை. கூலிக் கணக்கில் மட்டும் திருட்டு குறைந்தது. புரிகிறதுதானே? கூலி என் பணம், கேட்பேன். ஜல்லி ஊர்ப்பணம், நான் ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும்?

அதனால் நான் திட்டம் போடும் கூட்டத்தைவிடக் கணக்குக் கேட்கும் கூட்டத்தையே பெரிதாக நினைக்கிறேன். 1994இல் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு தொடங்கிய ஜன் சுன்வாயில், அதாவது ஊரார் முன் நடக்கும் பொது விசாரணையில், நடந்தது அதுதான். வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். படிப்பறிவே தேவையில்லை, தன் பெயர் காதில் விழுந்தால் போதும்: "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே!" அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகவே 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சமூகத் தணிக்கையை, அதாவது ஊர் மக்களே வேலைக் கணக்கைச் சரிபார்ப்பதை, கிராம சபையின் பொறுப்பாக்கியது.

இதிலும் ஓட்டை உண்டு. உங்கள் ஊருக்குத் தணிக்கைக்கு ஆள் வந்தால், முதலில் அவருக்கு மதியச் சாப்பாடு யார் வீட்டில் என்று விசாரியுங்கள்.