கத்தரி வளராததற்கு மண்ணைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவு சிறியது. மே முதல் கிழமையில் கடையில் வாங்கி நட்ட கத்தரிக்கன்றுகள் ஜூலை வரை அப்படியே நின்றன. கடைசியில் நாலைந்து காய்தான். ஒரு லொறி கறுப்பு மண் கொட்டச் சொல்கிறார் புல் வெட்ட வருபவர். கொட்டலாமா?

பதில்: கொட்ட வேண்டாம். உங்கள் கன்றுகள் குளிரில் விறைத்துப்போயிருக்கின்றன. உறைபனி விழாவிட்டாலும், இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கத்தரி வளராது. மண் குளிர்ந்திருந்தால் எவ்வளவு பசளை போட்டாலும் வேர் எடுக்காது. நேரத்தோடு நட்ட கன்று பின்தங்கித்தான் நிற்கும்.

ரொறன்ரோவில் விக்டோரியா தின விடுமுறைக்குப் (மே 18 முதல் 24க்குள் வரும் திங்கள்) பிறகு தக்காளி நடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மே கடைசி, ஜூன் தொடக்கம்தான் சரி. காலையில் பாத்தியில் ஒரு விரல் ஆழத்தில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 15 பாகை வேண்டும். இரண்டு கிழமை முன்னதாகவே கறுப்புப் பொலித்தீன் விரித்து வைத்தால் மண் சீக்கிரம் சூடேறும். கன்றுகளை ஒரு கிழமை பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும்.

ஏப்ரலிலேயே கடை வாசலில் தக்காளிக்கன்று அடுக்குகிறார்களே, அது யாருக்காக? பனியில் செத்தால் திரும்ப வாங்க வருவீர்கள், அவ்வளவுதான். சில கன்றுகளின் அட்டையில் 'வலயம் 6' என்று வேறு இருக்கும். அந்த இலக்கம் மாரிக்குளிரைத் தாங்கும் மரஞ்செடிகளுக்கானது. ஒரு கோடை மட்டும் நிற்கும் கத்தரிக்கு அதில் என்ன இருக்கிறது? எப்போது வெளியே நடலாம் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்!

ஒரு விதிவிலக்கு உண்டு. தெற்கு பார்த்த செங்கல் சுவரோரம் பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் விடும். அங்கே ஒரு கிழமை முந்தலாம். ஆனால் சுவர் செங்கல்லாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு வேலியின் நிழல் விழக்கூடாது, கூரைத்தண்ணீர் அங்கே கொட்டக்கூடாது. மற்றப் பக்கங்களில் பனி கிடக்க, அங்கே மட்டும் முதலில் உருகினால் அதுதான் இடம். அப்போதும் இரவில் மூடப் பழைய பெட்ஷீட் ஒன்று கையில் இருக்கட்டும்.

கறுப்பு மண் என்று லொறியில் வருவது பெரும்பாலும் பீட், அதாவது சதுப்பு நிலத்தில் அரைகுறையாய் மக்கிய செடிகொடி. பார்க்கக் கறுப்பு, சத்துக் குறைவு, காய்ந்தால் தண்ணீரே உறிஞ்சாது. உங்கள் மண் களிமண்ணாக இருந்தாலும், நன்றாக மக்கிய கம்போஸ்ட் இரண்டு அங்குலம் கொத்திக் கலந்தால் போதும். புல் வெட்டுபவரிடம் புல்லை மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.