கீழ் பல்செட் ஆடினால் இரண்டு இம்ப்ளாண்ட் போதுமா?

அம்மாவுக்கு 72 வயது, கீழ் பல்செட் நிற்பதே இல்லை, இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் திருகு) உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் உதவும், இரண்டே போதும்.

மேல் செட் அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். கீழே அந்தப் பரப்பு கிடையாது, நாக்கு வேறு தூக்கிவிடும். 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் மேல் மாட்டும் செட்டைத்தான் முதல் தேர்வாகச் சொன்னார்கள்.

கோரைப்பல் இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு டைட்டானியம் திருகு. அங்கே எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். உதட்டு நரம்பு அதற்குப் பின்னால்தான் வெளிவரும். எலும்போடு ஒட்ட சுமார் 2-3 மாதம். பிறகு திருகின்மேல் பட்டன் மாதிரி ஒரு தலை, செட்டின் அடியில் உலோகக் கிண்ணம், அதற்குள் நைலான் வளையம். அழுத்தினால் 'டிக்'கென்று உட்காரும்.

அந்த நைலான்தான் முதலில் தேயும். திருகுகள் இணையாக இல்லாவிட்டாலும், கடித்தே செட்டை மாட்டினாலும் இன்னும் சீக்கிரம். விரலால் அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். வளையத்தை மாற்றுவது சில நிமிட வேலை. பின்பக்கம் ஆடினால் வளையத்தை மாற்றிப் பயனில்லை; ஈறுக்கு அடியில் எலும்பு தேய்ந்திருக்கும், செட்டின் அடிப்பகுதிக்குப் புது அச்சு எடுத்து நிரப்ப வேண்டும்.

எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசியோ மாத்திரையோ எடுத்தால் டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், மறைக்கவே கூடாது. ராத்திரி செட்டைக் கழற்றி, பட்டன்களைச் சுற்றி மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கணும்.