சுவாஹிலியில் காய்கறிப் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: நைரோபிக்குப் பணி மாறுதலில் வந்து 2 மாதங்கள் ஆகின்றன. காய்கறிப் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் எண்ணிக்கையைச் சேர்த்துக் கேட்கும்போது ஒவ்வொரு முறையும் கடைக்கார அம்மா என்னைத் திருத்துகிறார். எங்கே தவறுகிறேன், ஐயா?

பதில்: நீங்கள் பெயரை மட்டும் கற்றிருக்கிறீர்கள்; அந்தப் பெயர்ச்சொல் எந்த வகுப்பை, அதாவது எந்த இலக்கண வகையைச் சேர்ந்தது என்பதைக் கற்கவில்லை. தமிழில் பன்மை சொல்லின் இறுதியில் "கள்" என்று வரும். சுவாஹிலியிலோ சொல்லின் தொடக்கம் மாறுகிறது, அந்த மாற்றம் பின்னால் வரும் எண்ணையும் பண்புச்சொல்லையும் தொற்றிக்கொள்கிறது. இந்த வகுப்புகளை அவர்கள் "ங்கேலி" என்பார்கள். ஒரு வெங்காயம் "கிட்டுங்கூ கிமோஜா". மூன்று வெங்காயம் "விட்டுங்கூ விட்டாட்டு". கிழங்கும் இதே வழியில் "கியாஸி" என்பதிலிருந்து "வியாஸி" ஆகும். வெள்ளரிக்காய் "டாங்கோ", பன்மையில் "மட்டாங்கோ". பூசணி "போகா", பன்மையில் "மபோகா". மரவள்ளி "முஹோகோ", பன்மையில் "மிஹோகோ". தக்காளியாகிய "ஞாஞா", வெண்டையாகிய "பமியா", "கரோட்டி" ஆகியவை ஒன்றானாலும் நூறானாலும் மாறுவதில்லை. "ஞாஞா மோஜா", "ஞாஞா டாட்டு" என்றே சொல்லலாம். 6, 7, 9, 10 ஆகிய எண்கள் எந்த வகுப்புக்கும் வளைந்து கொடுக்காதவை என்பதால், ஐந்து வெங்காயம் "விட்டுங்கூ விட்டானோ" என்றாலும் ஆறு வெங்காயம் "விட்டுங்கூ சீட்டா" என்றுதான் வரும். ஆகவே ஒவ்வொரு காயையும் ஒன்றோடும் மூன்றோடும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தனிப்பெயர்ப் பட்டியல்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: உருளைக்கிழங்குக்கு ஒரு நூலில் "வியாஸி உலாயா" என்றும், சந்தையில் "வாரு" என்றும் வருகிறதே?

பதில்: "உலாயா" என்றால் ஐரோப்பா. நாம் "சீமைக் கத்தரிக்காய்" என்று சொல்வதில் "சீமை" செய்யும் வேலையைத்தான் அது அங்கே செய்கிறது. "வாரு" கென்யாவின் கிக்குயு மக்களுடைய மொழியின் சொல். நைரோபியில் அதுவே பெருவழக்கு. தான்சானியாவில் உருண்டை என்ற பொருளில் "வியாஸி ம்விரிங்கோ" என்பார்கள். சர்க்கரைவள்ளி "வியாஸி விட்டாமு", அதாவது இனிப்புக் கிழங்கு. இரு நாடுகளுக்கும் இடையே இத்தகைய வேறுபாடுகள் பல உண்டு: கொத்தமல்லி கென்யாவில் "தனியா", தான்சானியாவில் "கிலிகிலானி", சேப்பங்கிழங்கு கென்யாவில் "ந்டூமா", தான்சானியாவில் "மகிம்பி".

கேள்வி: மிளகாய்க்கும் மிளகுக்கும் "பிலிபிலி" என்ற ஒரே சொல்லா?

பதில்: அடிச்சொல் ஒன்றே. அது பாரசீகம், அரபு வழியாக வந்தது. அதன் மூலம் வடமொழியின் "பிப்பலி", அதாவது நம் திப்பிலி. அமெரிக்கக் கண்டத்து மிளகாய் வந்து சேர்ந்தபோது, ஏற்கெனவே காரத்துக்கு இருந்த பெயரை அது எடுத்துக்கொண்டது. பழைய மிளகு "பிலிபிலி மங்கா" என்று அடைமொழி பெற்றது. மிளகு என்ற சொல்லிலிருந்தே நாம் மிளகாய்க்குப் பெயர் வைத்ததை எண்ணிப் பாருங்கள். கடலின் இரு கரைகளிலும் ஒரே எண்ணம் தோன்றியிருப்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. சந்தையில் "ஹோஹோ" என்று கேட்டால் குடைமிளகாய் கிடைக்கும்.

கேள்வி: கீரைகளுக்கு என்ன சொல்வது?

பதில்: பொதுப்பெயர் "ம்போகா ஸா மஜானி", அதாவது இலைக்காய்கறி. தண்டுக்கீரை இனம் "ம்சிச்சா". கென்யாவில் எங்கும் கிடைக்கும் "சுக்குமா விக்கி" என்பதற்கு நேர்ப்பொருள் "வாரத்தைத் தள்ளு". கையில் பணம் குறைந்த நாட்களைக் கடத்த உதவும் மலிவான கீரை என்பதால் அந்தப் பெயர். நம் மணத்தக்காளி இனத்தின் கீரை "ம்னாவு"; நைரோபியில் அதை "மனாகு" என்று கேளுங்கள். நல்வேளைக் கீரையை "ம்ககானி" என்பார்கள். நம்மூரில் களையாகப் பிடுங்கி எறியும் இச்செடியை அங்கே விதைத்து வளர்க்கிறார்கள். முருங்கை "ம்லோங்கே". மரவள்ளி இலையாகிய "கிசாம்வு" இடித்துத் தேங்காய்ப்பாலில் சமைக்கப்படுவது; பச்சையாக அது நஞ்சு, நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

கேள்வி: தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தால் உச்சரிப்பு சரியாக வருமா?

பதில்: பாதிதான் வரும். "பிலிபிலி" பல் என்பதன் பகரம். "போகா", "பமியா" இரண்டும் பஸ் என்பதன் பகரம். இந்த வேறுபாட்டைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அம்பு, தங்கம், வண்டு என்று சொல்லிப் பழகிய நாவுக்கு "ம்போகா", "டாங்கோ", "குண்டே" என்னும் தட்டைப்பயறு ஆகியவை எளிதாகவே வரும். ஈற்றயல் அசையை அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் மரியாதையாகக் கேட்பது எப்படி?

பதில்: காய்கறி விற்கும் பெண்ணைக் கென்யர்கள் "மாமா ம்போகா" என்பார்கள், மாமா என்றால் அங்கே அம்மா. முதலில் நலம் விசாரியுங்கள், பிறகே காயைக் கேளுங்கள். "நிப்பே" என்றால் வெறும் "கொடு"; "நாஓம்பா" என்றால் "கேட்டுக்கொள்கிறேன்". ஆகவே "நாஓம்பா விட்டுங்கூ விட்டாட்டு" என்று தொடங்குங்கள். விலைக்கு "பெய் கானி?" என்றால் போதும். தரையில் கூறுகட்டி வைத்திருந்தால் ஒரு கூறு "ஃபூங்கு மோஜா", இரண்டு கூறு "மஃபூங்கு மவீலி".