மலை தெரிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

இந்தத் தைப்பூசத்துக்குத் தேவகோட்டையிலிருந்து பழனிக்கு முதல்முறையாக நடந்து போனேன். வழியில் சேர்ந்தவர்களோடு பகிர்ந்து சாப்பிட்டு, ஒருவர் காலுக்கு இன்னொருவர் தைலம் தேய்த்துவிட்டு, அப்படி ஒரு ஒட்டுதல். ஒட்டன்சத்திரம் தாண்டி மலை விளக்கு கண்ணில் பட்டபோது அழுதுகொண்டே அரோகரா போட்டோம். அடிவாரத்துக்கு வந்ததும் கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். சில நொடி தரிசனம். கீழே வேன் காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருந்தேன். அன்றிலிருந்து மனசு வெறிச்சென்று கிடக்கிறது. என் பக்தியில்தான் குறையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பக்தி குறைந்தவர் கொப்புளக் காலோடு 150 கிலோமீட்டருக்கு மேல் நடக்க மாட்டார். அந்தச் சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கிடைக்காமல் போனது ஒரு நல்ல முடிவு. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள் கணக்கில் சேர்ந்து நடக்கிறோம். யார் பின்தங்குகிறார், யாருக்குக் காய்ச்சல், யார் பையை யார் சுமப்பது என்பதுதான் அத்தனை நாளும் நம் கவலை. பழனி வந்ததும் அந்தக் கவலைக்கு ஒரே மணி நேரத்தில் வேலை இல்லாமல் போகிறது. பக்கத்தில் நடந்தவரிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட இடமில்லை. மனசு வெறிச்சென்று ஆகாமல் என்ன செய்யும்?

உங்கள் பக்கத்து நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், எடுக்கும் காவடியைப் பாருங்கள். குன்றக்குடியில் கூடிப் புறப்படுகிறார்கள். உப்பு வணிகத்துக்குப் போய்வந்த செட்டியார்களிடம் தொடங்கிய வழக்கம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. பழனியில் தங்கி, காவடி செலுத்தி, அப்புறம் அதே காவடியோடு நடந்தே ஊர் திரும்புகிறார்கள். நடந்து போகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நடந்து திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. போகும்போது வேண்டுதலும் அவசரமும் ஆளை இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது கேட்பதற்கு ஒன்றும் இல்லை. பார்த்ததைப் பேசிக்கொண்டு, போகும்போது தண்ணீர் கொடுத்த வீட்டு வாசலை மறுபடி கடந்து, ஊர் நெருங்க நெருங்கத்தான் பிரிகிறார்கள். இவ்வளவு பக்குவமான ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்த அந்த முன்னோர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சேலம் பக்கம் எடப்பாடியிலிருந்து வரும் பருவதராஜகுலச் சமூகத்தார் வழி வேறு. பூசக் கூட்டம் வடிந்த பிறகு காவடியோடு வருகிறார்கள். மலைமேல் ஓர் இரவு தங்கும் உரிமை அவர்களுக்குப் பல தலைமுறைகளாக இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து வாழைப்பழம் உரித்து, சர்க்கரையும் பேரீச்சையும் தேனும் நெய்யும் ஏலமும் சேர்த்து டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறார்கள். நடந்து வந்த கைகளுக்கு வந்த இடத்திலும் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. சாமி கும்பிட்டது போக மிச்சமிருக்கும் அன்பு முழுக்க அந்தப் பாத்திரத்துக்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

மலையேறும் வழியில் இடும்பன் சன்னிதியில் நின்றிருப்பீர்கள். அகத்தியர் சொல்லி, சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டிப் பொதிகைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தவன். இளைப்பாற இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. முருகனோடு மோதி விழுந்து, உயிர் திரும்பப் பெற்று, அங்கேயே காவலாக நின்றுவிட்டான். காவடி தூக்கிய முதல் ஆளே பழனிக்கு வந்து தங்கிவிட்டவன். அவனைக் கும்பிட்டுவிட்டு நாம் வேன் பிடிக்க ஓடுகிறோம்.

வேலைக்குப் போகிறவர்கள், லீவு கிடைக்காது, எனக்கும் தெரியும். முழுக்கத் திரும்பி நடக்க எல்லோராலும் முடியாது. ஆனால் ஒரு ராத்திரி முடியும். தரிசனம் முடிந்து மொத்தக் குழுவும் ஓர் இடத்தில் கூடி, சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கி, காலையில் சொல்லிக்கொண்டு பிரியலாம். முடிந்தவர்கள் ஒட்டன்சத்திரம் வரையாவது நடந்து வந்து பஸ் ஏறலாம். பின்தங்கி வருகிறவர்களை அடிவாரத்தில் காத்திருந்து கூட்டிப்போக இரண்டு இளைஞர்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். கூட்டத்தில் குழு உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்த வருஷம் உங்களோடு நடந்தவர்களில் யாருடைய எண் இருக்கிறதோ அவரை இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். அவருக்கும் இப்படித்தான் இருக்கும். உங்கள் குருசாமியிடமும் தங்குவது பற்றி இப்போதே சொல்லிவிடுங்கள். பூசத்துக்குப் பழனியில் மண்டபம் கிடைப்பது கஷ்டம், மார்கழி வரை விட்டால் இடம் இருக்காது.

அன்புடன்.